அளப்பவருக்குச் சம்பளம் தருவது யார்? அரசாணை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வளரும் நாடுகளின் நிதித்துறை, திட்டத்துறைச் செயலாளர் பெருமக்களுக்கு,

வணக்கம்.

புதிய திட்டம் ஒன்றின் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது அதில் நோக்கம் இருக்கும், பயனாளிகள் யார் என்று இருக்கும், ஒதுக்கீடு எவ்வளவு என்று இருக்கும். முறைகேடு நடக்காவண்ணம் உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்று கடைசிப் பத்தியில் ஒரு வரியும் இருக்கும். இந்த மடல் அந்த ஒரு வரியைப் பற்றியது. அதை அடித்துவிட்டு மூன்று கேள்விகளுக்கு அங்கே விடை எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். வேலை நடந்ததா, பணம் போய்ச் சேர்ந்ததா என்று அளப்பவர் யார்? அவருடைய சம்பளமும் இடமாற்றமும் யார் கையில் இருக்கின்றன? தவறு நடந்திருக்கிறது என்று அவர் எழுதினால் அதன்பின் என்ன நடக்கும்?

ஊழல் தடுப்புச் சட்டமே இல்லாத நாடு இன்று அரிது. 2003இல் ஏற்கப்பட்டு 2005 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையில் உலகின் பெரும்பாலான நாடுகள் சேர்ந்துவிட்டன. சட்டம் தண்டிக்க உதவும். ஆனால் பணம் கசிவது திட்டத்தின் அமைப்பில் உள்ள ஓட்டைகள் வழியாக. அந்த ஓட்டைகள் அரசாணை எழுதப்படும் நாளிலேயே உருவாகிவிடுகின்றன.

உகாண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1991 முதல் 1995 வரை தொடக்கப் பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கைப்படி மைய அரசு ஒதுக்கிய மானியத்தில், சம்பளம் நீங்கலான தொகையில், சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது. மாவட்டத்துக்கு அனுப்பியதோடு மைய அரசின் கணக்கு முடிந்துவிட்டதால் அங்கே எந்தக் குறையும் தெரியவில்லை. ஆய்வாளர்கள் பள்ளிப் பதிவேட்டையும் மைய அரசின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளிவந்தது. அதன்பின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எவ்வளவு அனுப்பப்பட்டது என்று நாளிதழ்களில் வெளியிட்டார்கள், பள்ளிகளிலும் எழுதி ஒட்டச் சொன்னார்கள். 2001 வாக்கில் பள்ளியை அடைந்த பங்கு 80 சதவீதத்தை எட்டியது. அதே காலத்தில் வேறு சீர்திருத்தங்களும் நடந்தன, எல்லாப் பெருமையும் செய்தித்தாளுக்குச் சேராது. ஆனாலும் பாடம் தெளிவு: 'அனுப்பிவிட்டோம்' என்பது செலவுக் கணக்கு ஆகாது. பயன்பாட்டுச் சான்றிதழ் என்ற பெயரில் நீங்கள் பெறும் தாள் பெரும்பாலும் பணம் அடுத்த வங்கிக் கணக்குக்குப் போனதைத்தான் சொல்கிறது. கடைசியில் பெறுபவர் கையெழுத்திட்ட ரசீதோடு ஒப்பிடாமல் அடுத்த தவணையை விடுவிக்காதீர்கள்.

கட்டுமானப் பணிகளில் இது இன்னும் நுணுக்கமாக நடக்கும். 1 கிலோமீட்டர் நீளம், 3.75 மீட்டர் அகலம் உள்ள ஒரு கிராமச் சாலை. அடித்தளத்தில் 20 சென்டிமீட்டர் ஜல்லி என்று மதிப்பீடு. போட்டது 17. மேலே தார் விழுந்த பிறகு அந்த 3 சென்டிமீட்டர் யார் கண்ணுக்கும் தெரியாது. கணக்கிட்டால் 112.5 கன மீட்டர் ஜல்லி. நடந்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தில் அது இருக்கிறது, சாலையில் இல்லை. இன்னொரு வழியும் உண்டு. லாரியில் வரும் தளர்ந்த ஜல்லியின் கன அளவு வேறு, உருளை ஓடி இறுகிய பின் இருக்கும் கன அளவு வேறு. எந்த அளவுக்குப் பில் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், இறுகிய அளவுக்கான விலையைத் தளர்ந்த அளவுக்குக் கொடுத்துவிட நேரும். அதனால் அடுத்த அடுக்கு மூடுவதற்கு முன்பே ஒவ்வொரு அடுக்கையும் அளக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு, துளையிடும் இடத்தைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்து, மாதிரி எடுத்துத் தடிமன் பார்க்க வேண்டும். இடத்தை ஒப்பந்ததாரரோ அந்தப் பணியின் பொறியாளரோ காட்டக் கூடாது.

இந்தோனேசியாவில் 600க்கும் மேற்பட்ட கிராமங்களில் இப்படித்தான் சோதித்தார்கள். பொறியாளர்கள் சாலையைத் தோண்டி அளந்தார்கள், பொருள்களின் உள்ளூர் விலையைத் தனியாக விசாரித்தார்கள், இரண்டையும் கணக்கில் காட்டிய செலவோடு ஒப்பிட்டார்கள். தணிக்கைக்கு உள்ளாகும் வாய்ப்பு வழக்கமாக 4 சதவீதம். சில கிராமங்களுக்கு மட்டும் தணிக்கை உறுதி என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார்கள். அங்கே காணாமல் போகும் செலவு சுமார் 8 சதவீதப் புள்ளி குறைந்தது. கூட்டத்துக்கு நிறையப் பேரை அழைத்து மக்களே கண்காணிக்கட்டும் என்று விட்ட கிராமங்களில் சராசரியாகப் பெரிய மாற்றம் இல்லை. இதை வைத்து மக்கள் பங்கேற்பு வீண் என்று முடிவு கட்ட வேண்டாம். வேலை செய்த தனக்குக் கூலி வந்ததா என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும், அதனால் கூலி விவகாரத்தில் மக்களால் கேள்வி கேட்க முடியும். மண்ணுக்கடியில் எத்தனை சென்டிமீட்டர் ஜல்லி என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அதற்குத் துளைக்கருவியோடு ஒரு பொறியாளர் போக வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: தணிக்கை உறுதியான கிராமங்களில் பொறுப்பாளர்களின் உறவினர்களுக்கு வேலை கொடுப்பது கூடியது. ஓர் ஓட்டையை அடைத்தால் தண்ணீர் அடுத்ததைத் தேடும். அதற்கும் திட்டத்தில் இடம் வைத்திருங்கள்.

யார் எந்தப் பணியைத் தணிக்கை செய்வார் என்பதை ஒருபோதும் தணிக்கைக்கு உள்ளாகிறவர் முடிவு செய்யக் கூடாது. குஜராத்தில் ஆலை மாசைச் சோதிக்கும் தணிக்கையாளரை ஆலையே தேர்ந்தெடுத்து ஆலையே பணம் கொடுத்து வந்தது. அறிக்கைகளில் வந்த அளவுகள் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குச் சற்றுக் கீழேயே கூட்டமாக வந்து விழுந்தன. பிறகு சில ஆலைகளில் மட்டும் ஏற்பாட்டை மாற்றிப் பார்த்தார்கள். தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள், பொது நிதியிலிருந்து நிலையான கட்டணம் கொடுத்தார்கள், அவர் அளந்ததில் சிலவற்றை வேறொருவரை அனுப்பி மறுபடி அளந்தார்கள். வரம்பு மீறிய ஆலையை மீறவில்லை என்று பொய்யாக எழுதுவது சுமார் 80 சதவீதம் குறைந்தது. ஆலைகளும் மாசைக் குறைத்தன. புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. தணிக்கையாளரை ஒதுக்கும் முறையும், அவருக்குச் சம்பளம் வரும் வழியும், அவரைச் சரிபார்க்கும் முறையும் மாறின, அவ்வளவுதான்.

தவறு என்று எழுதிய பின் என்ன நடக்கும் என்ற மூன்றாவது கேள்விதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் கிராம செவிலியர்களின் வருகையைத் தேதியும் நேரமும் அச்சிடும் இயந்திரத்தில் பதிவு செய்தார்கள். தொடக்க மாதங்களில் வருகை நன்றாகக் கூடியது. வராத நாளுக்குச் சம்பளப் பிடித்தம் என்ற விதி இருந்தது. ஆனால் நாள் செல்லச் செல்ல, வராவிட்டாலும் பிடித்தம் இல்லாத விலக்கு நாள் என்று மேலதிகாரிகள் எழுதிக் கொடுப்பது பெருகியது. 16 மாதங்களில் இயந்திரம் வைத்த இடத்துக்கும் வைக்காத இடத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் போனது. இயந்திரம் கடைசி வரை சரியாகத்தான் அளந்தது. அளவின் விளைவை மாற்றும் பேனா வேறொருவர் கையில் இருந்தது. எனவே விலக்கு தரும் அதிகாரம் யாருக்கு, மாதத்துக்கு எத்தனை முறை, எந்தக் காரணங்களுக்கு என்பதை ஆணையிலேயே வரையறுத்துவிடுங்கள். வரம்பு தாண்டினால் பிடித்தம் தானாகவே சம்பளப் பட்டியலில் ஏறட்டும்.

ஒப்பந்தப்புள்ளிகளில் முறைகேட்டைக் காட்டும் அடையாளங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம், உங்களில் பலருக்கு இவை தெரிந்தவையே. ஒரே பணியைத் துண்டு துண்டாக்கி, திறந்த ஒப்பந்தப்புள்ளி கட்டாயமாகும் தொகை வரம்புக்குக் கீழே கொண்டுவருவது, ஒருவர் மட்டுமே தகுதி பெறும்படி விவரக்குறிப்பு எழுதுவது, விளம்பரத்துக்கும் கடைசித் தேதிக்கும் இடையே சில நாள்களே விடுவது, போட்டி நிறுவனங்களின் ஆவணங்களில் ஒரே எழுத்துப்பிழை வருவது, வைப்புத்தொகை வரைவோலைகளின் எண்கள் அடுத்தடுத்து இருப்பது. இவற்றில் எல்லாரும் குறைவாகக் கவனிப்பது ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு நடப்பதை. குறைந்த விலை கேட்டு வேலையைப் பிடித்துவிட்டு, கூடுதல் பணி, அளவு மாற்றம் என்று தொகையை ஏற்றுவார்கள். உக்ரைன் 2016 ஆகஸ்ட் முதல் பொதுக் கொள்முதலைப் ப்ரோசோரோ என்ற மின்தளத்தில் கட்டாயமாக்கியது. ஏலம் முடிந்ததும் ஒவ்வொருவரும் கேட்ட விலையையும் கொடுத்த ஆவணங்களையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நீங்கள் தளம் அமைக்கும்போது திருத்திய ஒப்பந்தத்தையும் இறுதிப் பில்லையும் அதே பக்கத்தில் போடச் சொல்லுங்கள்.

லஞ்சம் அதிகம் பிறக்கும் இடம் நிலுவை. வேலையை ஒழுங்காக முடித்த ஒப்பந்ததாரர் பில்லுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தால், எந்தப் பில்லை முதலில் எடுப்பது என்று முடிவு செய்கிற மேசை விலை பேசத் தொடங்கும். ஒழுங்கானவர்கள் அடுத்த ஒப்பந்தப்புள்ளிக்கே வரமாட்டார்கள். வருகிறவர் அந்தச் செலவை முன்கூட்டியே விலையில் ஏற்றி வருவார். பில்லுக்கு வரிசை எண் கொடுங்கள், வரிசையை வெளியிடுங்கள், யாரையாவது முன்னால் கொண்டுவந்தால் காரணத்தை எழுத வையுங்கள். நிதியாண்டின் கடைசி மாதத்தில் ஒதுக்கீட்டைக் கொட்டும் பழக்கத்தையும் நிதித்துறையே நிறுத்த வேண்டும். அந்த அவசரத்தில் அளவெடுப்பு என்பது பெயருக்குத்தான் நடக்கும்.

கைரேகை, மின்னணு அட்டை பற்றி ஓர் எச்சரிக்கை. ஆந்திரத்தில் வேலை உறுதித் திட்டக் கூலியை அடையாள அட்டை வழி கொடுத்தபோது கசிவு குறைந்தது, மக்கள் காத்திருக்கும் நேரமும் குறைந்தது. ஆனால் அடையாளம் ஒத்துப்போகாதவருக்குக் கூலியை மறுக்கும்படி அங்கே கட்டாயப்படுத்தவில்லை. ஜார்க்கண்டில் ரேஷனுக்கு ஆதார் அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியபோது, ரேஷன் அட்டையோடு ஆதார் எண்ணை இணைக்காத உண்மையான ஏழைகள் பொருளை இழந்தார்கள். விரல் பதியாத முதியவருக்கு அன்றே மாற்று வழி என்ன என்று ஆணையில் இல்லையென்றால், மிச்சமானதாக நீங்கள் காட்டும் தொகையில் அவருடைய பங்கும் இருக்கும்.

பதவிக்கு விலை இருக்கும் துறையில் மேலே சொன்ன எதுவும் நிற்காது. தென்னிந்தியப் பாசன நிர்வாகத்தைப் பற்றி 1980களில் வெளியான ஆய்வுகள் இதை விரிவாகக் காட்டின: பணம் கொடுத்து இடம் வாங்கும் பொறியாளர் அதை ஒப்பந்ததாரரிடமும் விவசாயியிடமும்தான் திரும்ப எடுக்க முடியும். அளவெடுப்பவருக்கும் தணிக்கையாளருக்கும் குறைந்தபட்சப் பதவிக்காலம் வையுங்கள். அதற்குள் மாற்றினால் எழுத்தில் காரணம் வேண்டும், அந்தக் காரணம் பொதுவில் இருக்க வேண்டும். ஊழல் தடுப்பு ஆணையங்களுக்கும் இதே காவல் தேவை. இந்தோனேசியாவின் கேபிகே ஆணையம் அமைச்சர்களையும் ஆளுநர்களையும் நீதிமன்றத்தில் நிறுத்தியது. 2019 சட்டத் திருத்தம் அதன் ஊழியர்களை அரசு ஊழியர் அமைப்புக்குள் கொண்டுவந்தது. அதற்கென நடந்த தேர்வில் தேறவில்லை என்று அனுபவம் மிக்க புலனாய்வாளர்கள் உட்பட 57 பேர் 2021இல் வெளியேற்றப்பட்டார்கள். ஆணையத்தின் பெயர்ப்பலகை அப்படியே இருக்கிறது.

எல்லா இடத்தையும் தணிக்கை செய்ய ஆள் இல்லை என்பீர்கள். தேவையும் இல்லை. பிரேசில் 2003 முதல் நகராட்சிகளைப் பொதுவெளியில் குலுக்கித் தேர்ந்து தணிக்கை செய்தது. யார் பெயர் வரும் என்று யாருக்கும் தெரியாது, அறிக்கை எல்லாருக்கும் தெரியும். ஒருமுறை தணிக்கைக்கு உள்ளான நகராட்சிகளில் பிற்பாடு ஊழல் சுமார் 8 சதவீதம் குறைவாக இருந்தது. வழக்குக்குப் போக வேண்டிவரும் என்ற அச்சமே இதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்வு சொல்கிறது. குலுக்கலோடு வழக்கு நடத்தும் அலுவலகத்துக்கும் ஆளும் பணமும் ஒதுக்குங்கள்.

புகார் மனு விஷயத்தில் ஒரு கோரிக்கை. புகார் யார் மேல் வந்ததோ அந்த அலுவலகத்துக்கே 'உரிய நடவடிக்கைக்கு' என்று மனுவை அனுப்பிவைக்கும் வழக்கத்தை அடுத்த ஆணையிலேயே தடை செய்யுங்கள். மனு வேறு மாவட்ட அதிகாரியிடம் போகட்டும், மனுதாரர் பெயரை நீக்கிய நகலே கீழே போகட்டும், 30 நாளில் பதில் வராவிட்டால் அது தானாகவே உங்கள் மேசைக்கு ஏறி வரட்டும்.

இப்படிக்கு,
பொது நிதித் தணிக்கையிலும் திட்டச் செயலாக்கத்திலும் பணிபுரிவோர்