ஈஸ்ட்மென் ஊரில் ஓர் ஊமைப் படம்

ரோச்செஸ்டர், நியூயார்க்
பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே பனி முழங்கால் வரை கிடக்கிறது. போன வாரம் பஸ் ஸ்டாப்பில் வழுக்கி விழுந்தேன். அடி ஒன்றும் இல்லை, கோட்டுதான் கிழிந்தது. வேலை, வாடகை எல்லாம் போனில் சொன்னதுதான். இதை மட்டும் எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

நம் தியேட்டர் போஸ்டர்களில் கொட்டை எழுத்தில் 'ஈஸ்ட்மென் கலர்' என்று போட்டிருக்குமே, அந்த ஈஸ்ட்மென்னின் ஊர் இது. கோடக் கம்பெனியை ஆரம்பித்தவர். அவருடைய மாளிகை இப்போது மியூசியம். அதை ஒட்டி 1951-இல் திறந்த டிரைடன் தியேட்டர், 500 பேர் உட்காரலாம். தீப்பொறி பட்டால் போச்சு என்று நீங்கள் கதை கதையாய்ச் சொல்லும் நைட்ரேட் ஃபிலிமை இன்றைக்கும் ஓட்டக்கூடிய ஆபரேட்டர் ரூம் அங்கே இருக்கிறது. அமெரிக்காவிலேயே அப்படி விரல்விட்டு எண்ணும் அளவுதானாம். உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அங்கே 'பெக்கர்ஸ் ஆஃப் லைஃப்' பார்த்தேன். 1928-இல் வில்லியம் வெல்மன் எடுத்த ஊமைப் படம். திரைக்குக் கீழே ஒருவர் பியானோ வாசித்தார்.

பசியோடு ஒரு நாடோடிப் பையன் பண்ணை வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். உள்ளே மேஜையில் காலைச் சாப்பாடு, எதிரே ஒரு ஆள். கூப்பிட்டால் பதில் இல்லை. கிட்டே போனால், செத்துப் போயிருக்கிறான். அப்போது ஆண்பிள்ளை உடுப்பில் ஒரு பெண் மாடியிலிருந்து இறங்கி வருகிறாள். சுட்டது அவள்தான். அனாதை இல்லத்திலிருந்து கூட்டிவந்து வளர்த்தவனே அவள் மேல் கை வைத்திருக்கிறான். நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, அவள் முகமும் அந்தக் காட்சியும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. மாரில் அடித்துக்கொண்டு அழுவது கிடையாது. கண் மட்டும்தான். நம் ஆட்களிடம் கொடுத்திருந்தால் அந்த இடத்தில் ஒரு பாட்டு வைத்திருப்பார்கள்.

அப்புறம் ஓட்டம்தான். ஓடுகிற சரக்கு ரயிலில் ஏறப் பார்த்து முதல் தடவை விழுகிறாள். பின்னால் போலீஸ், முன்னால் நாடோடிக் கூட்டம். பெண் என்று தெரிந்ததும் போலீஸே தேவலை என்றாகிவிடுகிறது. சாராயப் பீப்பாயோடு வருகிற நடிகர் வாலஸ் பியரியைப் பார்த்ததும் இவர்தான் வில்லன் என்று முடிவு கட்டினேன். பாதி சரி, பாதி தப்பு. முடிவைச் சொல்லமாட்டேன். பேசும் படம் தலைகாட்டிய சமயம் என்பதால் பியரி பாடுவதைச் சேர்த்து ஒரு பிரதியும் வெளியிட்டார்களாம். அது தொலைந்துவிட்டது. ஊமைப் பிரதிதான் தப்பியது.

அந்தப் பெண்ணாக நடித்தவர் லூயிஸ் புரூக்ஸ். அப்போது 21 வயது. அடுத்து பெர்லினுக்குப் போய் நடித்தார், பிறகு எல்லாரும் மறந்துபோனார்கள். 1956-இல் இந்த மியூசியத்தில் படங்களைப் பாதுகாத்து வந்தவர்தான் அவரை ரோச்செஸ்டருக்கு வரச் சொன்னாராம். இங்கேயே தனியாக இருந்து சினிமாவைப் பற்றி எழுதியிருக்கிறார். 1985-இல் இங்கேதான் இறந்தார். கல்லறையும் இங்கேதான். பனி கரையட்டும், போய்ப் பார்க்கிறேன்.

நடுநடுவே என் கண் தானாகத் திரையின் வலது மேல் மூலைக்குப் போனது. ரீல் மாற்றும் நேரம் வந்தால் அந்த மூலையில் ஒரு புள்ளி தோன்றும், "பொட்டு வருது பார்" என்று காட்டுவீர்களே, அந்தப் பழக்கம். பக்கத்து இருக்கைக்காரர் நான் எதைத் தேடுகிறேன் என்று பார்த்தார். எனக்கு விளக்கத் தெரியவில்லை.

முழங்கால் வலிக்கு வாங்கிய தைலம் தீர்ந்ததா? எழுதுங்கள். அம்மாவிடம் இந்தப் படக் கதையை மட்டும் சொல்லாதீர்கள். தனியாக ஒரு பெண் ரயிலேறினாள் என்று காதில் விழுந்தால் போதும், அன்று ராத்திரியே எனக்குப் போன் வரும்.

அன்பு மகள்,
செல்வி