அந்தப் பழுப்புநிறப் பெடல் இன்னும் உன்னிடம் இருக்கிறதா?

மதுரை,
பங்குனி 20

அன்புள்ள மாப்பிள்ளை,

நாங்கள் நலம். நீயும் தங்கச்சியும் பாப்பாவும் நலமென்று நம்புகிறேன். தைப்பொங்கல் முடிந்த கையோடு நீ எழுதிய கடிதத்துக்குப் பங்குனியில் பதில் எழுதுவது தவறுதான். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, நன்றாகத் தேறிவிட்டார்கள். நெட்டையன் வீடு கட்டி முடித்து ஒத்தக்கடைப் பக்கம் குடிபோய்விட்டான். கீபோர்டு அண்ணன் இன்னும் அந்தத் திருமங்கலத்துக் கச்சேரியின் மூன்றாவது பாட்டை மறக்கவில்லை. சுதி மாறியதற்கு நீதான் காரணம் என்று இன்றைக்கும் சாதிக்கிறார். நானும் அவர் பக்கம்தான்.

பாப்பாவுக்கு பேஸ் கிதார் வாங்கிக் கொடுத்துவிட்டேன், இனி ஒலிக்கு எஃபெக்டுகள் சேர்க்கும் பிராசஸர் பெட்டி ஒன்று வாங்க வேண்டும், எது நல்லது என்று கேட்டிருந்தாய். நீ கேட்ட வாரமே எழுதியிருந்தால் உனக்குத் தப்பான யோசனை சொல்லியிருப்பேன். "சின்னப் பெட்டியாக ஒன்றை வாங்கிப் போடு, இல்லாத சவுண்டுகளைப் பிறகு காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்" என்றுதான் அப்போது எழுதியிருப்பேன். போன மாதம் வாடிப்பட்டிப் பக்கத்தில் நடந்த ஒரு கச்சேரிக்குப் பிறகு அப்படி எழுத எனக்கு மனம் வராது. அதை முழுவதும் உன்னிடம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

மாசிக் கடைசியில், திருவிழாக் கச்சேரிகள் வரிசையாக வரப்போகின்றனவே என்று, என் பிராசஸருக்கு ஒரு புதிய பேக்கை, அதாவது சவுண்டுத் தொகுப்பை, காசு கொடுத்து இறக்கினேன். பழைய வால்வு ஆம்ப்களையும் அவற்றின் ஸ்பீக்கர் பெட்டிகளையும் அளந்து செய்த மாதிரிகள் அதில் இருந்தன. 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி.யைப் பற்றி நாம் கல்லூரிக் காலத்தில் எவ்வளவு பேசியிருப்போம்! 300 வாட் வால்வு ஆம்ப், அதனடியில் பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு அடங்கிய பெட்டி. படத்தில் பார்த்ததோடு சரி. அந்த வகை ஆம்பின் ஓசையை ஒரு கச்சேரிச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கிவிடலாம் என்றபோது நான் தயங்கவில்லை. அன்று இரவு வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு மாடி அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திறந்த ஈ கம்பியை ஒருமுறை மீட்டினேன். மாப்பிள்ளை, அந்த ஒரு சுரம் ஓயும்வரை நான் கையை எடுக்கவில்லை. மெதுவாக மீட்டினால் உருண்டு வருகிறது, அழுத்தி மீட்டினால் விளிம்பில் லேசாகப் பிசிறுகிறது. கொடுத்த காசு தகும் என்றுதான் அந்த இரவு தூங்கப் போனேன்.

மறுநாள் அதை என் கச்சேரி பேட்சில், அதாவது எஃபெக்டுகளை வரிசையாகக் கோத்துச் சேமித்து வைத்த அமைப்பில், வைத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. என் பேட்சில் முதலில் ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஸர், பிறகு ஒரு ஸ்தாயி கீழ்ச் சுரத்தைச் சேர்க்கும் ஆக்டேவ், அதன்பின் ஒலி இரண்டாகப் பிரிந்து ஒரு கிளையில் ஒலியைக் கரகரக்க வைக்கும் டிரைவும் மறு கிளையில் சுத்தமான அடிநாதமும் போய், மீண்டும் சேர்ந்து ஆம்ப், ஸ்பீக்கர் பெட்டி, ஒலியை விரித்துக் காட்டும் கோரஸ் என்று முடியும். எண்பதுகளின் பாட்டுகளுக்குக் கோரஸ் வேண்டும், இப்போதைய குத்துப் பாட்டுகளுக்கு ஆக்டேவ் வேண்டும், டிரைவ் போடும்போது அடி கரைந்துபோகாமல் இருக்க அந்தச் சுத்தமான கிளை வேண்டும்; இதில் எதையும் ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. பழைய ஆம்பை எடுத்துவிட்டுப் புதிய ஆம்பை வைத்தேன். பிராசஸர் அதை ஏற்கவில்லை. பட்டியலில் அதன் பெயர் மங்கலாக, தொட முடியாதபடி கிடந்தது. ஆக்டேவை எடுத்த பிறகுதான் ஏற்றது. ஆம்ப் உள்ளே போனதும் ஆக்டேவின் பெயர் மங்கிவிட்டது. கோரஸை அணைத்துப் பார்த்தேன், இடம் பிறக்கவில்லை. அணைத்து வைத்த எஃபெக்டும் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும், காலால் அழுத்திய கணத்தில் அது தயாராக இருக்க வேண்டும் என்பதால்.

ஒரு வாரம் இதைப் பற்றியே படித்தேன். உள்ளே இருக்கும் சிப்பு நம் கம்பியின் ஒலியை ஒரு நொடிக்கு 48,000 முறை அளக்கிறது என்று வைத்துக்கொள். அடுத்த தொகுதி அளவுகள் வந்து சேர்வதற்குள் இந்தத் தொகுதிக்கான கணக்குகள் எல்லாம் முடிந்தாக வேண்டும். முடியவில்லை என்றால் ஒலி அறுந்துபோகும். கம்ப்யூட்டர் போல "கொஞ்சம் பொறு" என்று சொல்ல மேடையில் வழியில்லை. அதனால்தான் ஒவ்வொரு எஃபெக்டுக்கும் அதிகபட்சமாக எவ்வளவு வேலை ஆகும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, கொள்ளளவு நிரம்பியதும் பெட்டி கதவைச் சாத்திவிடுகிறது.

இந்த நெருக்கடி பேஸ் வாசிப்பவனுக்கு இன்னும் அதிகம். கிதாரின் தடித்த ஈ கம்பி 82.4 ஹெர்ட்ஸ், நம்முடையது 41.2. அதாவது நம் கம்பியின் ஒரே ஒரு அலை முடியவே 24 மில்லி நொடிக்கு மேல் ஆகிறது. ஐந்து கம்பி பேஸின் பி கம்பியில் அது 32-ஐத் தாண்டுகிறது. என்ன சுரம் என்று கண்டுபிடித்து அதை ஒரு ஸ்தாயி கீழே இறக்கும் ஆக்டேவ், அலை முழுவதையும் பார்க்காமல் தீர்மானிக்க முடியாது. ஸ்பீக்கர் பெட்டியின் கதையும் இதுதான். பெட்டியின் எதிரொலியை 1,024 அளவுகளாகப் பதிந்து வைத்து அதோடு நம் ஒலியைப் பெருக்கிக் கூட்டுகிறார்கள். 1,024 அளவு என்பது 21 மில்லி நொடிதான். நம் ஈ கம்பியின் ஒரு அலைக்கே அது போதாது, அடிப்பகுதி செதுக்கப்படாமல் சொரசொரப்பாக நின்றுவிடும். 2,048 போட்டால் அடி தெளிகிறது, வேலையும் இரட்டிப்பாகிறது. குறுக்கு வழி இல்லாமல் நேரடியாகச் செய்தால் 1,024 அளவுக்கே நொடிக்கு ஏறக்குறைய 4 கோடியே 91 லட்சம் பெருக்கல்! இத்தனைக்கும் மேல் நமக்கு இரண்டு கிளைகள் வேறு வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் எனக்குப் புரிந்தபோது வாடிப்பட்டிக் கச்சேரிக்கு ஒரு நாள்தான் மீதி இருந்தது. புதிய ஆம்பை விட மனமில்லாமல் நான் செய்த காரியம், பேட்சை இரண்டாகப் பிரித்தது: ஒன்றில் புதிய ஆம்ப், மற்றொன்றில் பழைய ஆம்பும் ஆக்டேவும். அதுவரை ஒரே பேட்சுக்குள் ஆக்டேவை மட்டும் காலால் போட்டு எடுத்துக்கொண்டிருந்தவன், இப்போது பேட்சையே மாற்ற வேண்டியதாயிற்று. பேட்ச் மாறும்போது பெட்டி பழைய கணக்குகளை இறக்கிவிட்டுப் புதியவற்றை ஏற்ற வேண்டும். அந்த இடைவெளியில் ஒலி நிற்கும். வீட்டில் தனியாக வாசித்தபோது அது எனக்கு உறைக்கவே இல்லை. மேடையில், ஐந்து பாட்டுகளைக் கோத்து வாசிக்கும் அந்தத் தொடரில், இரண்டாவது பாட்டிலிருந்து குத்துப் பாட்டுக்குத் தாவும் இடம் உனக்குத் தெரியும். பேஸும் டிரம்ஸின் கிக்கும் ஒன்றாக விழ வேண்டிய எடுப்பு. கிக் விழுந்தது. பேஸ் இல்லை. டிரம்ஸ் தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். அதற்குள் ஒலி வந்துவிட்டது, ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள், கீபோர்டு அண்ணன்கூட ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இருபது வருடமாக அந்த எடுப்பை நான் விட்டதில்லை, மாப்பிள்ளை. திரும்பி வரும் வண்டியில் ஒருவரோடும் பேசத் தோன்றவில்லை.

காசு வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. ஒருவர் உட்கார்ந்து அந்த ஆம்பின் ஒவ்வொரு குமிழையும் அளந்து செய்த வேலைக்குக் கூலி கொடுப்பது நியாயம். என் ஆற்றாமை வேறு. நான் வாங்கியது எவ்வளவு இடம் பிடிக்கும் என்று விலைக்குப் பக்கத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. எடை போடாமல் அரிசி மூட்டை விற்க நம் கீழமாசி வீதியில் யாராலாவது முடியுமா? சவுண்டை விற்கிறார்கள், அதை வைக்க இடத்தை விற்பதில்லை. விற்கவும் முடியாது, ஏனென்றால் சிப்பு பெட்டியோடு வந்தது.

இந்தப் பழக்கம் புதிதும் இல்லை. லைன் 6 நிறுவனத்தின் பாட் எக்ஸ்டி பிராசஸர் நினைவிருக்கிறதா? கிதாருக்கு அதை வாங்கியவர்கள், பேஸ் ஆம்ப் மாதிரிகளைத் தனிப் பேக்காகக் காசு கொடுத்துத்தான் சேர்த்தார்கள். 2013-இல் வந்த ஈவென்டைட் எச்9 பெடலில் அல்காரிதங்களை, அதாவது எஃபெக்டுகளை, ஒவ்வொன்றாக வாங்க முடிந்தது, ஆனால் எத்தனை வாங்கினாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். அங்கே அது வாங்குகிறவருக்கு முன்பே தெரிந்த விஷயம், அந்த அளவில் நேர்மையான ஏற்பாடு. 2018-இல் லைன் 6 கொண்டுவந்த எச்எக்ஸ் ஸ்டாம்ப், தொடக்கத்தில் ஒரு பேட்சில் எஃபெக்டுகளை வைக்க 6 கட்டங்களைத்தான் அனுமதித்தது. 2020-இல் ஒரு இலவச அப்டேட்டில் 8 ஆக்கினார்கள். அது நல்ல காரியம்தான், என்றாலும் சிப்பு பழைய சிப்பே. கனமான எஃபெக்டுகளாக வைத்தால் எட்டாவது கட்டம் வருவதற்குள் இடம் தீர்ந்துவிடும். அதே குடும்பத்தின் பெரிய ஹீலிக்ஸில் இரண்டு சிப்புகள் இருப்பதால் அது தாங்குகிறது, விலையும் அதற்கேற்ப ஏறுகிறது.

பழைய பெட்டியாக வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். வாங்கு, ஆனால் "எல்லா பேக்கும் போட்டிருக்கிறேன்" என்று விற்கிறவர் சொல்வதற்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்காதே. பல நிறுவனங்களில் அவை வாங்கியவரின் கணக்கோடு கட்டப்பட்டவை. நம் லீட் கிதார் தம்பி திண்டுக்கல்லில் ஒருவரிடம் அப்படி நம்பி வாங்கி, வீட்டுக்கு வந்து ஒரு முறை ரீசெட் செய்ததும் எல்லாம் போய்விட்டது. விற்றவர் நல்லவர், கணக்கை மாற்றித் தர முயன்றார், நிறுவனம் மறுத்துவிட்டது.

பாப்பாவுக்கு இப்போதைக்குப் பெரிய பெட்டி எதுவும் தேவையில்லை. ஜூம் பி1 ஃபோர் போன்ற ஒன்று போதும்: ஒரே நேரத்தில் 5 எஃபெக்ட் ஓடும், 4 பென்சில் செல்லில் வேலை செய்யும், தாளமும் உள்ளேயே இருக்கிறது. அவள் தாளத்தோடு உட்கார்ந்து வாசிக்கட்டும். பிறகு பெரியது வாங்கும் நாள் வந்தால், கடையில் விற்பனையாளர் காட்டும் பேட்சைக் கேட்டுவிட்டு மயங்காதே. அவள் மேடையில் வாசிக்கப்போகும் சங்கிலியை, அதிலும் மிகக் கனமானதை, அங்கேயே அந்தப் பெட்டியில் கட்டிப் பார்க்கச் சொல். ஆக்டேவும் இரண்டு கிளையும் நீளமான ஸ்பீக்கர் பதிவும் ஒன்றாக நிற்கின்றனவா என்று பார். நின்று, அதன்பின்னும் இடம் மிச்சமிருந்தால் வாங்கு. நிற்கவில்லை என்றால் எத்தனை நூறு சவுண்ட் இருந்தாலும் திரும்பி வந்துவிடு. பேட்ச் மாற்றும்போது ஒலி அறுகிறதா என்பதையும் ஒரு சுரத்தை நீட்டி வாசித்துக்கொண்டே அவளைக் கேட்கச் சொல். பிள்ளையின் காது உன்னுடையதைவிட நிச்சயம் கூர்மையாக இருக்கும்.

இப்போது நான் உன்னிடம் கேட்க வந்தது. நீ கோவைக்கு வேலைக்குப் போன அன்று என் பாஸ் நிறுவன ஓசி-2 பெடலை எடுத்துப்போனாய். "ஒரு மாதத்தில் தருகிறேன்" என்றாய். எந்த வருடத்து ஒரு மாதம் என்று நான் இதுவரை கேட்கவில்லை. அந்தப் பழுப்புநிற ஆக்டேவ் பெடலில் சிப்புக் கணக்கே கிடையாது. வருகிற அலையை இரண்டுக்கு ஒன்றாகப் புரட்டிப்போடும் எளிய சர்க்யூட், அவ்வளவுதான். ஈ கம்பியின் கீழ்ச் சுரங்களில் அது தடுமாறும், இரண்டு சுரம் சேர்த்து வாசித்தால் குழறும். அது தெரிந்ததுதானே, மேல் கட்டுகளில் வாசித்துச் சமாளித்துக்கொள்வேன். அதை பிராசஸருக்கு முன்னால் வைத்தால் ஆக்டேவ் பெட்டியை விட்டு வெளியே வந்துவிடும், காலியான இடத்தில் அந்த வால்வு ஆம்ப் உட்கார்ந்துகொள்ளும். பேட்ச் மாற்ற வேண்டியதில்லை, எடுப்பு விடாது. 2003-க்குப் பிறகு அதைத் தயாரிப்பதில்லை. பழையதாக வாங்கப் போனால் அவர்கள் சொல்லும் விலைக்கு எனக்கு வசதியில்லை.

சித்திரைத் திருவிழாவுக்கு அடுத்தடுத்து நான்கு கச்சேரி ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன் அது எனக்கு வேண்டும். உள்ளே பழைய 9 வோல்ட் பேட்டரி கிடந்தால் முதலில் அதைக் கழற்றிவிடு. கசிந்து பச்சை பூத்திருந்தாலும் பரவாயில்லை, துடைக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். பழைய துண்டில் சுற்றி, சிங்காநல்லூரில் மதுரை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு வண்டி எண்ணை மட்டும் சொல். எந்நேரமானாலும் ஆரப்பாளையத்தில் வந்து நிற்கிறேன்.

உன்,
பங்காளி