ரிப்போர்ட் வரும்வரை என்ன செய்வது? எங்கள் வேலூர் லாட்ஜில் தங்குவோருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வரவேற்பு மேசையில் இருந்த சுற்றுலாக் கார் விளம்பர அட்டைகளை எடுத்துவிட்டோம். ஏன் எடுத்தீர்கள் என்று சிலர் கேட்டதால்தான் இந்த மடல். அட்டையில் போட்டிருந்த இடங்களில் பாதிக்கு மேல் நுழைவுக் கட்டணமே கிடையாது. சில இடங்களுக்கு நடந்தே போய்விடலாம், மற்றதற்கு டவுன் பஸ் இருக்கிறது. வைத்தியத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவு செய்கிறார்கள். அவர்களை நடக்கிற தூரத்துக்குக் காரில் ஏற்றிவிடுவது நியாயமாகப் படவில்லை.

காலையில் ரத்தம் கொடுத்துவிட்டால் ரிப்போர்ட் சாயந்திரம் வரும், இல்லாவிட்டால் மறுநாள். சனி, ஞாயிறு குறுக்கே வந்தால் இரண்டு நாள் சும்மா போகும். நோயாளிக்கு ஓய்வு வேண்டியதுதான். கூட வந்தவர் அறையில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு எச்சரிக்கை. இலவசம் என்றால் டிக்கெட் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். செருப்பு வைக்கும் இடம், வண்டி நிறுத்துமிடம், கூடவே வந்து கதை சொல்லும் ஆள் என்று காசு போக வழி நிறைய உண்டு. ஒரு பையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு போனால் பெரும்பாலும் மிச்சம். குடிநீரை வரவேற்பிலேயே பிடித்துக்கொள்ளலாம்.

கோட்டையிலிருந்து தொடங்குவோம். 133 ஏக்கர், சுற்றிலும் அகழி, உள்ளே போகக் கட்டணம் இல்லை. எந்த நாளும் போகலாம். ஆனால் எந்த நேரமும் போகலாம் என்று சொல்ல மாட்டோம். எல்லாம் கருங்கல். சித்திரை, வைகாசியில் காலை பத்து மணிக்கே மதில் சூடேறிவிடும், சூரியன் சாய்ந்த பிறகும் வெக்கை அடித்துக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில் காலை ஆறு முதல் எட்டரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மார்கழி, தை என்றால் சாயந்திரம் நாலு மணிக்கு மேல் போவது சுகம். உள்ளே சாலை பெரும்பாலும் சமதளம் என்பதால் மெதுவாக நடக்கக்கூடிய நோயாளிகளும் வரலாம். மதில்மேல் ஏறும் படிகள் மட்டும் அவர்களுக்கு வேண்டாம்.

கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் பலரும் நேரே சன்னதிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். கோபுர வாசலைத் தாண்டியதும் இடப்பக்கம் இருக்கும் கல்யாண மண்டபத்துக்குக் குறைந்தது அரை மணி நேரம் கொடுங்கள். முன்வரிசைத் தூண்களில் முன்னங்கால் தூக்கி எழும் யாளிகளும் குதிரைகளும், மேலே அவற்றை ஓட்டும் வீரர்கள், காலடியில் வேட்டை. ஒரே ஒரு தூணைத் தேர்ந்தெடுத்து அடியிலிருந்து மேலே பார்த்துக்கொண்டே போங்கள். எல்லாத் தூணையும் ஒரே சுற்றில் பார்த்தால் ஒன்றும் மனதில் நிற்காது. பிறகு அண்ணாந்து பாருங்கள்: விரிந்த தாமரையைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். விதானம் இருட்டாக இருக்கும், வெளி வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் எதுவும் தெரியாது. இரண்டு நிமிடம் பொறுங்கள். வெயில் நாளில் பிரகாரத்துக் கல் காலைச் சுட்டுவிடும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாமலே கொப்புளம் வந்துவிடும். அவர்கள் தடித்த பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டுப் போவது நல்லது.

ஆறிருந்தும் நீரில்லை, கோட்டையிருந்தும் ராஜா இல்லை, கோயிலிருந்தும் சாமி இல்லை என்று வேலூரைக் கிண்டல் செய்வது பழைய வழக்கம். கடைசிக் குறை 1981இல் தீர்ந்தது. சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை அந்த ஆண்டுதான் கோயிலுக்குள் கொண்டுவந்தார்கள். முதல் குறையும் மழைக்காலத்தில் அவ்வப்போது பொய்யாகிவிடும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் ஓடியது, அகழி நீர் கோயிலுக்குள்ளேயே வந்து நின்றது. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்திருந்தால், கோயிலுக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கோட்டைக்குள் 1846இல் கட்டிய புனித ஜான் தேவாலயம், ஒரு மசூதி, திப்புவின் குடும்பத்தைச் சிறைவைத்திருந்த மகால்கள் எல்லாம் உண்டு. மகால்களில் சில அரசுப் பயன்பாட்டில் இருப்பதால் வெளியே நின்று பார்ப்பதோடு சரி. கோட்டைக்குள்ளே உள்ள அரசு அருங்காட்சியகம் இலவசம் இல்லை, சிறு கட்டணம் உண்டு. அது வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. வெள்ளிக்கிழமை அங்கே போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவோர்தான் அதிகம்.

கோட்டைக்கு வெளியே, மக்கான் அருகே, 1806 சிப்பாய்ப் புரட்சியின் நினைவுத்தூண் நிற்கிறது. புதுத் தலைப்பாகை, தாடி மீசைக்குக் கட்டுப்பாடு, நெற்றிக் குறிக்குத் தடை என்று ஆங்கிலேயர் போட்ட உத்தரவுகளால் சிப்பாய்களிடம் குமைந்துகொண்டிருந்த கோபம் ஜூலை 10 விடியும் முன் வெடித்தது. ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அன்றைக்கே அதை அடக்கிவிட்டது. தூணைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். கோட்டைக்குப் போகும்போதோ வரும்போதோ முடித்துக்கொள்ளலாம்.

அதே சரித்திரத்தின் இன்னொரு முனை பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம். இலங்கையில் கண்டியின் கடைசி மன்னர் விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வழி வந்தவர், இயற்பெயர் கண்ணுசாமி. 1815இல் பிடிபட்டு, இந்தக் கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்தார். அவர் சமாதியைச் சுற்றி 1990இல் மண்டபம் கட்டினார்கள். கோட்டையிலிருந்து வடக்கே ஒரு கிலோமீட்டர் போல வரும். கூட்டம் இருக்காது. அமைதியாகச் சிறிது நேரம் உட்கார்ந்து வர ஊருக்குள் இதைவிட நல்ல இடம் எங்களுக்குத் தெரியவில்லை.

அரைநாள் கையில் இருந்தால் விரிஞ்சிபுரம். மார்க்கபந்தீசுவரர் கோயிலுக்கு 'மதிலழகு' என்று பெயர். சிங்கத்தின் வாய் வழியாக இறங்கும் சிம்ம தீர்த்தமும் அங்கே உண்டு. ஆனால் நாங்கள் அனுப்புவது வெளிப்பிரகாரத்தின் தெற்குப் பக்கம் உள்ள நேரம் காட்டும் கல்லுக்காக. அரைவட்டமான கல், அதில் மணிக்கணக்குக் கோடுகள். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு ஈர்க்குச்சியை வையுங்கள். நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் மணி. குச்சி நேராக, மெல்லியதாக இருக்க வேண்டும். தடியான குச்சியின் நிழலே இரண்டு கோட்டை மறைத்துவிடும்.

கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுவிட்டு 'கல் தப்பு' என்று சொல்வோர் உண்டு. கல் தப்பில்லை. நம் கடிகாரம் ஓடுவது கிழக்கே 82.5 பாகையில் (டிகிரியில்) உள்ள தீர்க்கரேகையின் நேரப்படி. விரிஞ்சிபுரம் ஏறக்குறைய 79 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால், அங்கே சூரியன் உச்சிக்கு வர ஏறக்குறைய 14 நிமிடம் தாமதமாகும். அதோடு பூமி சூரியனை ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. இதனால் ஆண்டுக்குள் இந்த வித்தியாசம் கூடிக் குறையும். பிப்ரவரி நடுவில் கல் கிட்டத்தட்ட 28 நிமிடம் பின்தங்கிக் காட்டும். ஏப்ரல் நடுவில் அதே 14. நவம்பர் தொடக்கத்தில் கடிகாரத்தோடு ஓரிரு நிமிட வித்தியாசத்தில் ஒத்துப்போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட வந்திருந்தால் கட்டாயம் அழைத்துப்போய்க் காட்டுங்கள். மேகம் இருந்தால் வேலைக்காகாது. மத்தியானம் கோயில் நடை சாத்தியிருக்கும், ஆகவே காலை எட்டரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில் அங்கே இருப்பது மாதிரி கிளம்புங்கள். நெடுஞ்சாலையில் இறக்கிவிடும் பஸ்ஸில் ஏறினால் ஊருக்குள் நடக்க வேண்டியிருக்கும். ஊருக்குள் போகுமா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். கார்த்திகைக் கடைசி ஞாயிறு அன்று மட்டும் போக வேண்டாம். தீர்த்தமாட வரும் கூட்டத்தில் கல்லின் அருகிலேயே போக முடியாது.

ஸ்ரீபுரம் தங்கக் கோயிலைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். 2007இல் திறந்தது, ஊரிலிருந்து தெற்கே எட்டு கிலோமீட்டர் போல, மலைக்கோடியில். பொது வரிசைக்குக் கட்டணம் இல்லை. நட்சத்திர வடிவப் பாதையே 1.8 கிலோமீட்டர் என்பதால், நடக்க முடியாதவர்களை யோசித்து அழைத்துப்போங்கள். லுங்கி, அரைக்கால் சட்டை, நைட்டி உள்ளே விட மாட்டார்கள். கைபேசியும் கேமராவும் கூடாது. அறையிலேயே வைத்துவிட்டுப் போனால் ஒப்படைக்க ஒரு வரிசை, திரும்ப வாங்க ஒரு வரிசை என்று நிற்க வேண்டாம். கைபேசி இல்லாமல் இரண்டு பேர் பிரிந்துவிட்டால் தேடுவது பெரும்பாடு, எங்கே சந்திப்பது என்று முன்பே பேசி வையுங்கள். இன்னொன்று முக்கியம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரலாம் என்று இருக்கும் நாளில் இங்கே போகவே வேண்டாம். ஞாயிறு, பௌர்ணமி தவிர்த்து வார நாளில் சாயந்திரம் போனால் இருட்டிய பிறகு விளக்கொளியிலும் பார்த்துவிடலாம்.

பஸ் விஷயம். சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளிக்கும் அவருடன் வரும் ஒருவருக்கும்கூடக் கட்டணம் இல்லை. முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு அடித்த பஸ்ஸைப் பாருங்கள். கட்டணமில்லாச் சீட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் தனியார் டவுன் பஸ்களும் நிறைய ஓடுகின்றன, அவற்றில் இந்தச் சலுகை இல்லை. அவசரத்தில் முதலில் வந்ததில் ஏறிவிட்டுக் கண்டக்டரிடம் வாதாடிப் பயனில்லை. வெளியூர் போகும் பஸ்களுக்கும் இது பொருந்தாது.

முழுநாள் இருக்கிறது, கால் நன்றாக இருக்கிறது என்றால் வள்ளிமலை, ஊரிலிருந்து 25 கிலோமீட்டர் அளவில். முருகன் கோயிலைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுவார்கள், சமணச் சிற்பங்கள் உள்ள குகைப் பக்கம் போகிறவர்கள் குறைவு. நாங்கள் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வோம். குரங்குகள் பையைப் பிடுங்கும், தின்பண்டத்தை வெளியே தெரிய எடுத்துப் போகாதீர்கள். மாத்திரைப் பையைத் தோளில் தொங்கவிடவே கூடாது. பக்கத்தில் பொன்னையாற்றங்கரையில் மேல்பாடி. ஆற்றூரில் இறந்ததால் ஆற்றூர்த் துஞ்சின தேவர் எனப்பட்ட தன் பாட்டன் அரிஞ்சயனுக்குச் சோழ மன்னன் முதலாம் இராசராசன் எடுத்த பள்ளிப்படை, அதாவது சமாதிக் கோயில், அங்கேதான் இருக்கிறது. சின்னக் கோயில், டிக்கெட் கிடையாது.

அமிர்தி விலங்குப் பூங்காவுக்குக் கட்டணம் உண்டு, ஏலகிரியில் படகுக்கும் உண்டு. இரண்டையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அறையில் சமைப்பவர்கள் ஒரு காலை நேதாஜி மார்க்கெட் வரை நடந்துவிட்டு வாருங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற முள்ளுக் கத்திரிக்காய் இலவம்பாடிப் பக்கத்திலிருந்து வரும். காம்பில் முள் இருக்கும், கொத்தாக அள்ளாமல் ஒவ்வொன்றாக எடுங்கள். பார்ப்பது இலவசம். வாங்காமல் திரும்புவது உங்கள் மனவலிமையைப் பொறுத்தது.

நீங்கள் வரும் மாதத்தைப் பொறுத்து ஊரே திருவிழாவாக இருக்கலாம். பொங்கலை ஒட்டிச் சுற்றுக் கிராமங்களில் எருது விடும் விழா நடக்கும். மாட்டை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டு, குறித்த தூரத்தைக் குறைந்த நேரத்தில் ஓடும் மாட்டுக்குப் பரிசு கொடுப்பார்கள். பார்ப்பதற்குக் காசில்லை, ஆனால் தடுப்புக் கட்டைக்கு வெளியே நில்லுங்கள். மாடு ஓடி முடிக்கும் இடத்தில் நிற்கவே கூடாது. வேகம் அடங்காத மாடு கூட்டத்துக்குள் பாய்வது பெரும்பாலும் அங்கேதான். மகா சிவராத்திரிக்கு மறுநாள் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை. சித்ரா பௌர்ணமிக்குப் புஷ்பப் பல்லக்கு, இரவு வெகுநேரம் வரை நடக்கும். வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கூட்டங்கள் எதற்கும் போக வேண்டாம். விழா நாட்களில் ஊருக்குள் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். மறுநாள் காலை ரத்தப் பரிசோதனை இருந்தால் அதையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.

காலை ஐந்தரைக்கு முன் வெளியே போகிறவர்கள் முந்தின இரவே வாட்ச்மேனிடம் அறை எண்ணைச் சொல்லிவிடுங்கள், கேட்டைத் திறந்து வைப்பார். நோயாளி அறையில் தனியாக இருந்தால் அதையும் வரவேற்பில் சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டிப் பார்க்க ஆள் உண்டு, அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
லாட்ஜ் நிர்வாகம்,
வேலூர்