அறுப்பின் பண்டிகை முடிந்த வாரம்

தரங்கம்பாடி வட்டம்,
மாசி முதல் வாரம்.

கிறிஸ்துவுக்குள் பிரியமான நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் என் மனைவிக்கு, அதுதான் உன் தங்கச்சிக்கு, அவ்வளவு சந்தோஷம். அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் அம்மா பெயரைச் சொல்லித்தான் ஸ்தோத்திரம் பண்ணினோம். அடுப்புப் புகை பக்கம் மட்டும் போகவிடாமல் பார்த்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம். மூத்தவள் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் வீட்டு ஓடு மாற்றியாயிற்று; கோயில் ஓடு இன்னும் பாக்கி.

நீ எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஞாயிறு ஆராதனை லைவ்வாகப் போகிறது, ஆயிரம் பேர் கேட்கிறார்கள், திங்கட்கிழமையே அடுத்த பிரசங்கத்துக்கு உட்கார வேண்டியிருக்கிறது, ஆனால் உள்ளே எதுவும் ஊறவில்லை என்கிறாய். “உனக்கென்ன, கிராமம், நேரம் நிறைய இருக்கும். எங்கிருந்து எடுக்கிறாய் பிரசங்கத்தை?” என்று கேட்டிருக்கிறாய். உபதேசம் பண்ண எனக்குத் தகுதி இல்லை. இந்த அறுப்பின் பண்டிகைக்கு நடந்ததைச் சொல்கிறேன், உனக்கு உதவினால் எடுத்துக்கொள்.

தை மாதக் கடைசியில் இங்கே பெய்த மழை உனக்குச் செய்தியில் வந்திருக்கும். சம்பா அறுக்கிற நேரம். எங்கள் ஊர் கடைமடை என்பது உனக்குத் தெரியும். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் கடைசியாகத்தான் வரும். மழை பெய்தாலோ மேலே உள்ள ஊர்த் தண்ணீரெல்லாம் எங்கள் வயல் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். வரும்போதும் கடைசி, வடியும்போதும் கடைசி. சாய்ந்த கதிர் தண்ணீரிலேயே கிடந்து முளைத்துவிட்டது. அறுப்புக்கு முன்னாலேயே நெல் தாளுக்கு நடுவே தெளித்திருந்த உளுந்தும் அழுகிப்போயிற்று.

கீழத்தெருவில் ஒரு அக்கா, வீட்டுக்காரர் இறந்து சில வருஷம் ஆகிறது. மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலம் குத்தகைக்குப் பார்க்கிறார்கள். மழை விட்டதும் வீடு சந்திக்கப் போனேன். வீட்டில் ஆள் இல்லை. தார்ச்சாலையில் தார்ப்பாய் விரித்து நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார்கள். ஈர வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது, செயின் வண்டிதான் இறங்கும், அதற்கு மணிக்கு வாடகை கூட. அதையும் கடன் வாங்கிக் கொடுத்து, தேறின கொஞ்சத்தை அறுத்திருந்தார்கள். குனிந்து ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார்கள். காய்ந்த நெல் ‘டக்’கென்று உடையும். அது உடையவில்லை, நசுங்கியது. துப்பிவிட்டு, “இன்னும் ரெண்டு வெயில் வேணும் ஐயரே” என்றார்கள். பாதிரியாரை இங்கே ஐயர் என்றுதானே கூப்பிடுவார்கள்.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. மழை வருஷங்களில் அரசாங்கம் அதைத் தளர்த்துவது உண்டு. ஆனால் உத்தரவு வருவதற்குள் நெல் முளைத்துவிடும். நாற்பது கிலோ மூட்டைகள் சாலையோரம் படுதாவுக்கு அடியில் காத்துக் கிடக்கும். அந்த மூட்டைகளைத் தாண்டித்தான் நான் கோயிலுக்குப் போகிறேன், வருகிறேன்.

அன்று சாலையோரத்திலேயே உட்கார்ந்து பேசினோம். பண்டிகைக்கு நான் எடுத்திருந்த வசனம் சங்கீதம் 126: கண்ணீரோடே விதைக்கிறவர்கள் கெம்பீரத்தோடே அறுப்பார்கள். நீயும் நானும் எத்தனை தடவை இதைப் பிரசங்கித்திருப்போம்! கண்ணீர் என்றால் ஜெபம், விதை என்றால் வசனம், அறுப்பு என்றால் ஆத்துமாக்கள் என்று. அக்காவிடம் வசனத்தைச் சொன்னேன். அவர்கள் யோசிக்கவே இல்லை. “விதைக்கிறப்பவே அழுகைதானே ஐயரே. தோட்டைக் கொண்டுபோய் வச்சாத்தான் விதைநெல்லே வீட்டுக்கு வருது. அறுப்பு எப்படியோ, தோடு திரும்பி வருமான்னுதான் அன்னிக்கே அழுகை” என்றார்கள்.

என் அலமாரியில் உள்ள வியாக்கியானப் புத்தகம் எதிலும் எனக்கு இது இவ்வளவு தெளிவாகக் கிடைத்ததில்லை. சாப்பிட வேண்டிய தானியத்தை, அல்லது அதற்கு ஈடாக வைத்ததை, மண்ணில் இறைக்கிறவன் அழாமல் என்ன செய்வான்? அந்தச் சங்கீதத்தைப் பாடியவர்கள் விவசாயிகள் என்பதை நாம்தான் மறந்துவிட்டோம்.

அப்புறம் அவர்கள் சொன்ன இன்னொன்று எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பக்கத்து ஊர்க் கூட்டத்துக்கு வந்த ஒரு ஊழியக்காரர், தசமபாகம் சரியாகக் கொடுக்காதவன் வயலைத்தான் தண்ணீர் கொண்டுபோகும் என்று பேசிவிட்டுப் போயிருக்கிறார். “நான் போன வருஷம் கோயில் சந்தா பாக்கி வச்சிருந்தேன் ஐயரே, அதுக்குத்தானோ?” என்று அக்கா கேட்டார்கள். நெல்லைத் துழாவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்கள். இல்லை அக்கா, இல்லவே இல்லை என்றேன். வடிகால் வாய்க்கால் தூர்ந்து கிடப்பதற்கு ஆண்டவர் எந்த விதவையிடமும் கணக்குக் கேட்பதில்லை என்றேன். இப்படிப் பேசுகிறவர்களுக்கு மேடை கொடுப்பது பாவம் என்றே நினைக்கிறேன் நண்பா. ஏழையின் நஷ்டத்தின்மேல் குற்ற உணர்ச்சியையும் ஏற்றிவிட்டுக் காணிக்கைப் பையை நீட்டுவதைச் சுவிசேஷம் என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் பக்கம் இதைச் சொன்னால் சங்கடம் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நீ சொல்ல வேண்டும்.

இந்த மாதம் இங்கே பழைய ஆட்களை நினைக்கிற மாதம். தரங்கம்பாடிக்கு வந்த முதல் புராட்டஸ்டண்ட் மிஷனரி சீகன்பால்கு இறந்தது 1719 பிப்ரவரி 23, முப்பத்தாறு வயதில். அவருக்குப் பின் வந்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூரில் கண் மூடியது 1798 பிப்ரவரி 13. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் புதிய எருசலேம் ஆலயத்தில் சீகன்பால்கின் கல்லறையைக் காட்டினேன். தமிழில் புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சடித்து முடித்தவர் என்று பிள்ளைகளுக்குப் பாடம் உண்டு. நான் அவர்களை டேனியக் கோட்டைக்கும் அழைத்துப் போய், இங்கேதான் அவரை நாலு மாதம் அடைத்து வைத்தார்கள் என்று சொன்னேன். ஒரு கடன் வழக்கில் விதவை ஒருத்திக்காகப் பேசப் போனதுதான் டேனியத் தளபதியோடு மோதல் முற்றியதற்குக் காரணம். ஒரு பையன், “அப்போ அவர் பிரசங்கம் பண்ணினதுக்கு உள்ள போகலையா?” என்றான். நல்ல கேள்வி.

இன்னொன்றும் செய்தார் அவர். இந்த மண்ணின் மக்களிடம் கேள்விகளை எழுதிக் கேட்டு, அவர்கள் எழுதிய பதில்களை மொழிபெயர்த்து ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அப்படி 99 கடிதங்கள் அங்கே அச்சாகின. எங்களை ஏன் மாற்ற வருகிறீர்கள் என்ற தொனியில் எழுதியவர்களும் அதில் உண்டு. அதையும் சேர்த்தே அனுப்பினார். சொல்ல வந்தவர் உட்கார்ந்து கேட்கவும் செய்தார். எனக்கு அவரிடம் பிடித்தது இதுதான்.

சுவார்ட்ஸ் ஐயர் கதை நம் கல்லூரி நாளிலேயே கேட்டதுதான், ஆனால் இந்த வருஷம் வேறு மாதிரி உறைத்தது. 1780களில் ஹைதர் அலி படையெடுப்பு, தஞ்சாவூர்ச் சீமை முழுக்கப் பஞ்சம். கோட்டைக்குள் தானியம் இல்லை. ராஜாவின் வாக்கையோ ஆங்கிலேயக் கும்பினியின் வாக்கையோ நம்பி நெல் கொண்டுவர ஆள் இல்லை, ஏனென்றால் முன்பு கொண்டுவந்தவர்களுக்குப் பணம் வரவில்லை. கடைசியில் சுவார்ட்ஸ், நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தார். மாடும் நெல்லும் வந்து சேர்ந்தன. கொண்டுவந்தவர்களுக்குப் பணத்தையும் கொடுக்க வைத்தார். அவருக்கு சரபோஜி மன்னர் வைத்த பளிங்குச் சிற்பம் தஞ்சாவூரில் நம் கிறிஸ்தவ ஆலயத்தில் இருக்கிறது, பார்க்கிறவர்கள் அதன் அழகைச் சொல்வார்கள். நான் நினைப்பது அந்த விவசாயிகளை. ஒரு பாதிரியார் சொன்னார் என்று வீட்டில் இருந்த கடைசி நெல்லை வண்டியில் ஏற்றினார்களே, அவர் பிரசங்கத்தைக் கேட்டா ஏற்றினார்கள்? அதில் பாதிப் பேர் கோயில் வாசலை மிதித்தே இருக்க மாட்டார்கள்.

சரி, பண்டிகைக்கு வருகிறேன். தள்ளி வைக்கலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்தது. வேண்டாம், நடத்துவோம், ஆனால் சாட்சி நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்வோம் என்றேன். சாட்சி என்றால் என்ன சொல்வோம்? வேலை கிடைத்தது, காய்ச்சல் விட்டது, பெண்ணுக்கு வரன் அமைந்தது. இந்த ஞாயிறு, போனதைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். முதலில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஃபேன் சத்தம்தான் கேட்டது. பிறகு ஒரு பெரியவர் எழுந்து, எத்தனை மா, எத்தனை மூட்டை எதிர்பார்த்தது, எத்தனை வந்தது என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு பெண்கள் பக்கம் திறந்துகொண்டது. குழுக் கடன் தவணைக்கு வாசலில் வந்து உட்காருகிறவனைப் பற்றி, திருப்பூருக்குப் போன மகனைப் பற்றி, நடவும் களையும் குறைந்து கூலி வேலை கிடைக்காததைப் பற்றி. நிலமே இல்லாத குடும்பங்கள்தான் நம் சபையில் பாதிக்கு மேல். நஷ்ட ஈட்டுக் கணக்கில் அவர்கள் பெயர் எங்கும் வராது. ஒரு பெண் எழுந்து, “எனக்கு ஆண்டவர்மேல கோபமா இருக்கு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. சங்கீதம் 13-ஐத் திறந்து, “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்பதை எல்லாரையும் சேர்ந்து வாசிக்கச் சொன்னேன். அவள் சத்தம் எல்லாருக்கும் மேலே கேட்டது. வேதாகமத்திலேயே இந்தக் கோபத்துக்கு இடம் இருக்கிறது நண்பா. நாம்தான் ஞாயிற்றுக்கிழமை அதற்குக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறோம். பிரசங்கம் அன்று பத்து நிமிஷம்கூடப் போகவில்லை. அக்காவிடம் முன்னாலேயே கேட்டுக்கொண்டு, அவர்கள் சாலையோரத்தில் சொன்னதையே சொன்னேன், அவ்வளவுதான்.

ஆராதனைக்கு அப்புறம் வழக்கம்போல ஏலம். வாழைத்தார், பூசணி, முருங்கைக்காய்க் கட்டு, இரண்டு சேவல். சேவலுக்கு ஏலம் கேட்க வருஷா வருஷம் வருகிற கடைத்தெரு பாய் இந்த வருஷமும் வந்தார், விலையை நன்றாக ஏற்றிவிட்டார். அக்கா முளைத்த நெல்லை ஒரு மரக்காலில் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். அதை ஏலத்துக்கு எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முடிந்ததும், “கோழிக்காவது ஆகும்” என்று அவர்களே எடுத்துக்கொண்டு போனார்கள்.

எல்லாருக்கும் இது பிடித்தது என்று சொல்லமாட்டேன். கமிட்டியில் மூத்தவர் ஒருவர், “பண்டிகையும் அதுவுமா எழவு வீடு மாதிரி ஆக்கிட்டீங்களே ஐயரே” என்று வருத்தப்பட்டார். அவர் பேச்சிலும் நியாயம் உண்டு. வருஷத்துக்கு ஒரு நாள் நல்ல துணி உடுத்தி வந்து சிரித்துப் பேசவும் ஜனங்களுக்கு ஒரு இடம் வேண்டும்தானே. அடுத்த வருஷம் இரண்டுக்கும் எப்படி இடம் வைப்பது என்று அவரோடு உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

நீ கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். திங்கட்கிழமை புத்தகத்தோடு உட்காராதே. உன் சபையில் அந்த லைவ்வைப் பார்க்காத வீடு எது என்று விசாரித்துப் போ. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் இருப்பார், வேலை போனதை வீட்டில் சொல்லாதவர் இருப்பார். போனால் ஜெபம் பண்ணிவிட்டு உடனே எழுந்து வந்துவிடாதே. காபி ஆறும்வரை உட்கார். வெள்ளிக்கிழமை வேதத்தைத் திற. அப்போது ஊறவில்லை என்றால் எனக்கு எழுது, பேசுவோம்.

இப்போது உன்னால் ஆக வேண்டிய ஒரு காரியம். பயிர்ச் சேதக் கணக்கெடுப்பு நடக்கிறது. 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்றால் நிவாரணம் உண்டு. ஆனால் எங்கள் ஊரில் குத்தகை எல்லாம் வாய்ப்பேச்சு. கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் அக்கா பெயர் இல்லை, நிலத்துக்காரர் பெயர்தான் இருக்கிறது. பணம் வந்தால் அவருக்குத்தான் போகும். 1969-ஆம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தின்கீழ் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்கிறார்கள், ஆனால் பதியப் போனால் நிலத்தை விடச் சொல்லிவிடுவார்களோ என்று ஜனங்களுக்குப் பயம். உன் சபையில் நிலவழக்குப் பார்க்கிற வக்கீல் ஒருவர் இருப்பதாக எழுதியிருந்தாயே, நிலத்துக்காரரோடு பகை வராமல் இதை எப்படிச் செய்யலாம் என்று அவரிடம் கேட்டு எழுது. முடிந்தால் ஈஸ்டருக்குப் பிறகு அவரையும் அழைத்துக்கொண்டு வா. எங்கள் வீட்டிலேயே தங்கலாம். குறுவைக்கு நாற்றங்கால் போடுவதற்குள் தெரிந்தால் நல்லது.

அம்மாவுக்கு என் ஸ்தோத்திரத்தைச் சொல். பிள்ளைகளுக்கு அன்பு.

உன் பழைய அறைத்தோழன்