பட்டமளிப்பு விழாவில் கதிரை கிடைக்காதவர்களுக்கு

அன்பான உங்கள் எல்லோருக்கும்,

2025 ஜூலையில் எனக்குப் பட்டமளிப்பு விழா நடந்தது. ஒரு மாணவருக்கு இரண்டு ரிக்கெற்தான். அம்மாவும் அப்பாவும் வந்தார்கள், தம்பி வீட்டிலிருந்து நேரலையில் பார்த்தான். வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியோடு வரிசையில் நின்றபோது மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தேன். இன்னும் பத்துக் கதிரை தந்திருந்தால் அதில் யார் யாரைக் கொண்டுவந்து இருத்தியிருப்பேன் என்று மனம் எண்ணத் தொடங்கிவிட்டது. என் பெயரைக் கூப்பிடும்வரை எண்ணிக்கொண்டே நின்றேன்.

உங்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு ஆங்கிலத்தில் தனித்தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். தமிழிலும் எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்தபோது என்னிடம் இருந்த ஒரே மொழி இதுதான். நீங்கள் செய்த உதவிக்கு அன்றைக்கே நன்றி சொல்லத் தெரிந்திருந்தால், இந்த மொழியில்தான் சொல்லியிருப்பேன்.

நாங்கள் லண்டனில் ஈஸ்ட்ஹாமுக்கு வந்தது 2011 ஜனவரியில். எனக்கு ஆறு வயது, இங்கத்தைய கணக்கில் 'இயர் டூ'. ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் நடந்தால் தமிழ்க் கடைகள், மரக்கறி, இடியப்பம், புடவை. கொஞ்சம் தள்ளி மனோர் பார்க்கில் முருகன் கோவில். "பார், இதுவும் எங்கட ஊர் மாதிரித்தான்" என்று அம்மா தைரியம் சொன்னார். பள்ளிக்கூடக் கதவுவரைதான் அந்தத் தைரியம். உள்ளே போனதும் ஒரு சொல்லும் விளங்கவில்லை.

மிஸ், முதல் கதிரை உங்களுக்குத்தான்.

இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை செய்யும் பெண் யாராக இருந்தாலும் பிள்ளைகளுக்கு அவர் 'மிஸ்', ஆண் என்றால் 'சேர்'. நீங்கள் பாடம் எடுத்தவர் அல்ல, சாப்பாட்டு மண்டபத்தில் பரிமாறியவர். ஈஸ்ட்ஹாம் இருக்கிற நியூஹாம் பகுதியில் 2009ஆம் ஆண்டிலிருந்து ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு இலவசம். வீட்டு வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. லண்டன் முழுவதற்கும் அது வந்தது 2023 செப்ரெம்பரில்தான். யார் காசு கட்டுகிற வீட்டுப் பிள்ளை, யார் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை என்று எங்கள் வரிசையில் தெரியாது. எங்களிடம் காசு இல்லை என்பதே உயர்நிலைப் பள்ளிக்கு, இயர் செவனுக்கு, போகும்வரை எனக்குத் தெரியாமல் இருந்தது. அப்படி ஒரு ஏற்பாட்டை யோசித்துச் செய்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் ஒரு வரிசைக் கதிரைகள் வேண்டும்.

சரி, அந்த முதல் நாள். குழி குழியாகப் பிரித்த பிளாஸ்ரிக் தட்டு. ஒரு குழியில் பட்டாணி, ஒன்றில் உருளைக்கிழங்கு, ஒன்றில் கஸ்ரர்ட் ஊற்றிய கேக். பக்கத்தில் முள்ளும் கத்தியும். நான் கையால் குழைத்து ஒரு வாய் வைத்ததும் எதிரே இருந்த பிள்ளை என்னவோ கத்தினாள், மேசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டேன். நீங்கள் வந்தீர்கள். யாரையும் ஏசவில்லை. என் பின்னால் குனிந்து, இடக்கையில் முள்ளையும் வலக்கையில் கத்தியையும் வைத்து, உங்கள் கைகளால் என் கைகளை மூடி, ஒரே ஒரு உருளைக்கிழங்குத் துண்டை வெட்டினீர்கள். சுடுதண்ணீரில் ஊறிச் சிவந்த கைகள், சவர்க்கார மணம். அந்தத் துண்டை நான் வாயில் வைத்ததும் முள்ளையும் கத்தியையும் எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு, மிச்சத்தைக் கையாலேயே சாப்பிடு என்று காட்டினீர்கள். மறுநாள் இரண்டு துண்டு. அதற்கு மறுநாள் மூன்று. ஒரு மாதத்தில் முழுத் தட்டும் பழகிவிட்டது. கையால் சாப்பிடுவது பிழை என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றாமல் பழகியது.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சைவம். இங்கே பள்ளிக்கூடங்களில் வெள்ளிக்கிழமை என்றால் மீனும் சிப்ஸும். முதல் வெள்ளி தட்டில் மீன் விழ நான் அழத் தொடங்கிவிட்டேன். இயர் ஃபைவிலிருந்து ஒரு தமிழ் அக்காவைக் கூட்டிவந்து விசாரித்தார்கள். அக்கா, 'இவளுக்கு மீன் பிடிக்காதாம்' என்று சொல்லிவிட்டு நீங்கள் விளையாடப் போயிருக்கலாம். உங்களுக்கும் அப்போது பத்து வயதுதான். என்னிடம் திருப்பித் திருப்பிக் கேட்டு, மற்ற நாளில் சாப்பிடுவாள், வெள்ளி மட்டும் கோவிலுக்காகச் சாப்பிடமாட்டாள் என்று சரியாக விளங்கப்படுத்தினீர்கள். எனக்காக ஒருவர் ஆங்கிலம் பேசியதை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான்.

அடுத்த வெள்ளி, மிஸ், நான் தட்டை நீட்ட முன்னமே ஒரு ஜாக்கெற் பொட்டேற்றோ வந்தது. தோலோடு வேகவைத்து நடுவில் பிளந்து, பீன்ஸ் போட்டு, மேலே சீஸ் தூவி. அன்றிலிருந்து இயர் சிக்ஸ் முடியும்வரை, நாலரை வருடம், ஒரு வெள்ளியும் தவறவில்லை. நீங்கள் லீவில் நின்ற வெள்ளியில்கூட வேறு மிஸ் ஒருவர் எடுத்துத் தந்தார். எப்படித் தெரியும் என்று எட்டிப் பார்த்தேன். அலுமினியத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. அதில் என் முழுப் பெயர். ஆங்கிலத்தில் பதினாலு எழுத்து வரும் என் பெயர், வகுப்பு இடாப்பில்கூட அடிக்கடி பிழையாகவே இருக்கும். உங்கள் கடதாசியில் ஒரு எழுத்தும் பிழைக்கவில்லை.

லொலிபொப் சேர், உங்களையும் மறக்கவில்லை. மஞ்சள் அங்கியும் வட்டப் பலகைத் தடியுமாகக் காலையும் பின்னேரமும் பிள்ளைகளை ரோட்டைக் கடக்கவைக்க நடுரோட்டில் நிற்பீர்கள். அப்பா இரவு வேலை முடித்து நேரே வந்து எங்களைக் கூட்டிப்போவார். நடக்கும்போதே அவருக்குக் கண் சொருகும். 2013 ஜனவரிப் பனியில் அவர் ஒருநாள் நடைபாதையில் வழுக்கி விழுந்தார். அதற்குப் பிறகு நீங்கள் அவரை ரோட்டைக் கடக்கவே விட்டதில்லை. "போய்ப் படுங்கள், பிள்ளைகள் என் பொறுப்பு" என்று சொல்லி, நாங்கள் கேற்றுக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அந்தப் பத்து நிமிடம் அப்பாவுக்கு எவ்வளவு பெரியது என்று வேலைக்குப் போகத் தொடங்கிய இந்த வருடம்தான் எனக்கே விளங்குகிறது.

நூலகத்து மிஸ்ஸுக்கு. கோடை விடுமுறையில் ஆறு புத்தகம் வாசித்து முடித்தால் பதக்கம், சான்றிதழ். இந்த வாசிப்புச் சவால் நாடு முழுக்க 1999ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. இங்கே எனக்கு வந்த முதல் கோடையில் நான் முடித்தது நாலு ஆங்கிலப் புத்தகம், இரண்டு தமிழ்ப் புத்தகம். தமிழ் கணக்கில் வராது என்று நினைத்து அந்த இரண்டையும் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். நீங்கள் பையைப் பார்த்துவிட்டீர்கள். கதையைச் சொல்லச் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு நரியையும் ஒரு முதலையையும் நடித்தே காட்டினேன். வரிசை நீண்டுகொண்டே போனது, நீங்கள் கடைசிவரை கேட்டீர்கள். பிறகு அட்டையில் ஐந்தாவது, ஆறாவது ஸ்ரிக்கரை ஒட்டச் சொன்னீர்கள். பதக்கம் இன்னும் அம்மாவின் சாமி அறையில் தொங்குகிறது.

அந்த ஸ்ரிக்கர் இல்லாவிட்டால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு நான் மனசோடு போயிருப்பேனோ தெரியாது. அங்கே எங்களுக்குப் படிப்பித்த ரீச்சர், கிழமை முழுக்கக் கடையில் நின்று வேலை செய்துவிட்டு, கிடைத்த ஒரு விடுமுறை நாளைச் சம்பளமில்லாமல் எங்களுக்குத் தந்தீர்கள். 'ழ' வராத இருபது வாய்களுக்கு முன்னால் பொறுமையாக நின்றீர்கள். இந்த மடலில் ற, ர பிழை இருந்தால் சிவப்புப் பேனையால் திருத்தி அனுப்புங்கள், ரீச்சர்.

உயர்நிலைப் பள்ளியில் எத்தனையோ பேர். பழைய பிளேசரைக் கழுவி, மடித்து, புதிது மாதிரி உறையில் போட்டு, யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தந்த வருடப் பொறுப்பாசிரியர் மிஸ். பிள்ளைகள் பஸ்ஸில் இலவசமாகப் போகும் ஸிப் அட்டையைத் தொலைத்துவிட்டு மழையில் நின்ற என்னை ஏற்றிக்கொண்ட 101ஆம் இலக்கப் பஸ் ஓட்டுநர்.

2020ஐப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

மார்ச் 18, புதன்கிழமை. கோடையில் பரீட்சைகள் நடக்காது என்று அரசாங்கம் அறிவித்தது. 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் பூட்டினார்கள். பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்ஈ பரீட்சைக்கு எட்டு வாரம்கூட இருக்கவில்லை. மே மாதம் செய்ய வேண்டிய பிரியாவிடையை ஒரு மத்தியானத்தில் செய்தோம், ஒருவர் சேட்டில் ஒருவர் கையெழுத்துப் போட்டு. அடுத்த கிழமை அப்பாவுக்குக் காய்ச்சல் தொடங்கியது. சுப்பர்மார்க்கெற்றில் இரவு வேலை, அங்கே எல்லோருக்கும் வந்திருந்தது. அந்த வசந்தத்தில் இங்கிலாந்திலேயே கொரோனாவால் மோசமாக அடிபட்ட இடங்களில் நியூஹாமும் ஒன்று. அப்பா ஒரு அறையில், நாங்கள் மூன்று பேரும் மற்ற அறையில். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் இருமலை எண்ணுவோம்.

பக்கத்து வீட்டு அம்மா, ஜன்னலில் வெஸ்ட்ஹாம் கால்பந்துக் குழுவின் கொடி தொங்கவிட்டிருக்கும் நீங்கள், அதுவரை ஐந்து வருடத்தில் எங்களோடு 'ஹலோ' மட்டும்தான். மூன்று கிழமை, ஒன்றுவிட்ட ஒரு நாள், மணியடித்துவிட்டுப் படலைக்குப் போய் நிற்பீர்கள். வாசலில் பாலும் பாணும் இருக்கும். நாங்கள் எடுக்கும்வரை நிற்பீர்கள். "அப்பா எப்படி?" என்று பெருவிரலைத் தூக்கிக் கேட்பீர்கள். எழுபது கடந்த நீங்களே வெளியே வரக்கூடாத காலம் அது. தமிழ்க் கடை அண்ணா, நீங்கள் அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "கொப்பியில எழுதி வைக்கிறன், ஆறுதலாத் தாங்கோ" என்றீர்கள். அப்பா எழும்பி நடந்ததும் முதல் வேலையாக உங்கள் கடைக்குத்தான் வந்தார். அந்தக் கொப்பியில் எங்கள் பக்கத்தில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை என்று வந்து சொன்னபோது அவர் குரல் கம்மிப்போயிருந்தது.

அந்தக் கோடை விடுமுறைக்குத் தம்பிக்குக் கிழமைக்கு 15 பவுண்ஸ் சாப்பாட்டு வவுச்சர் கிடைத்தது. தரமாட்டோம் என்றிருந்த அரசாங்கத்தை ஜூன் 16ஆம் திகதி மனம் மாற வைத்தவர் கால்பந்து விளையாடுகிற மார்கஸ் ராஷ்ஃபோர்ட். 22 வயது அவருக்கு அப்போது. இன்றைய என் வயதை விடக் கொஞ்சம் கூட. எங்களை அவருக்குத் தெரியாது, எங்கள் சமையலறைக்கு அவரைத் தெரியும்.

ரசாயன சேர், பூட்டிய பள்ளிக்கூடத்திலிருந்து நீங்கள் செவ்வாய்க்கிழமைதோறும் தொலைபேசி எடுத்தீர்கள். முதலில் அப்பாவைக் கேட்பீர்கள், பிறகுதான் படிப்பு. எங்கள் வீட்டில் ஒரு கைத்தொலைபேசியில்தான் இணையம் என்று தெரிந்ததும் பாடங்களை அச்சடித்துத் தபாலில் அனுப்பினீர்கள். தபால் உறையில் முத்திரையை நீங்களே நாக்கில் நனைத்து ஒட்டியது மாதிரிக் கோணலாக இருக்கும். ஓகஸ்ற் 20ஆம் திகதி முடிவு வந்தது. எழுதாத பரீட்சைக்கு ஆசிரியர்கள் கணித்த புள்ளி. ரசாயனத்துக்கு 8, 9தான் உச்சம். இது எனக்குரியதா என்று உங்களிடம் கேட்டேன். "ஐந்து வருடம் உன் கொப்பிகளைத் திருத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியும்" என்றீர்கள். நான் நம்பவில்லை. அதை இப்போது சொல்லிவிட வேண்டும், சேர்: இரண்டு வருடம் நம்பவில்லை.

2022 ஜூனில், பல்கலைக்கழகம் போக எழுதும் ஏ லெவல். எங்கள் வயதுக்காரருக்கு வாழ்க்கையில் முதல் பெரிய பரீட்சை அதுதான். உடற்பயிற்சி மண்டபத்தில் வரிசையாகத் தனி மேசைகள், ஒளி ஊடுருவும் பேனைப் பை, லேபல் உரித்த தண்ணீர்ப் போத்தல். எனக்கு ஜூன் மாதமென்றால் மகரந்த ஒவ்வாமை. ரசாயன முதல் தாளில் பத்து நிமிடத்தில் கண்ணும் மூக்கும் ஒழுகத் தொடங்கியது. கையைத் தூக்கினால் நேரம் போய்விடும் என்று சட்டைக் கையால் துடைத்துத் துடைத்து எழுதினேன். மேற்பார்வைக்கு வந்த வயதான மிஸ், நீங்கள் சத்தமில்லாமல் நடந்து வந்து என் மேசை ஓரத்தில் மடித்த ரிஷ்யூ மூன்றை வைத்துவிட்டுப் போனீர்கள். நான் நிமிரக்கூட இல்லை. அடுத்த தாளுக்கு வந்து இருந்தபோது, பரீட்சை தொடங்க முன்னமே என் மேசையில் அவை இருந்தன. மண்டபத்தில் வேறு எந்த மேசையிலும் இல்லை.

ரசாயனத்துக்கு ஏ கிடைத்தது. சேர், அன்றைக்குத்தான் அந்த 8ஐயும் எனக்குரியதென்று எடுத்துக்கொண்டேன்.

பட்டமளிப்பு முடிந்து, செப்ரெம்பரில் பழைய ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், சாப்பாட்டு மண்டப மிஸ், உங்களைத் தேடி. ஓய்வுபெற்றுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டதாக அலுவலகத்தில் சொன்னார்கள். விலாசம் தர முடியாது, கடிதம் தந்தால் அனுப்பிவைப்போம் என்றார்கள். கொடுத்துவிட்டு வந்தேன். உள்ளே விழாவில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. உயரமும் முகமும் மாறிவிட்டன, ஆளை மட்டுப்பிடிக்கக் கஷ்டமாக இருக்கும். அதனால் படத்தின் பின்னால் என் பெயரை எழுதியிருக்கிறேன், பதினாலு எழுத்தும்.

அன்புடன்,
ஈஸ்ட்ஹாமிலிருந்து உங்கள் வெள்ளிக்கிழமைப் பிள்ளை