மோசடித் தளம் யாருடைய சர்வரில் இருக்கிறது?

அன்பு நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் அக்கா மகளுக்குக் குறுஞ்செய்தியில் வந்த லிங்க், வங்கியின் பக்கத்தை அச்சு அசலாகக் காட்டும் போலித் தளம் ஒன்றில் கொண்டுபோய் விட்டதையும், பாஸ்வேர்டைத் தட்டும் முன்பே அவர் சுதாரித்துக்கொண்டதையும் படித்து நிம்மதியடைந்தேன். ஆனால் அதே குறுஞ்செய்தி இன்னும் எத்தனையோ பேருக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்தத் தளம் எவ்வளவு சீக்கிரம் முடக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு ஏமாறுகிறவர்கள் குறைவார்கள். யாரிடம் புகார் செய்வது என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். நான் இப்போது ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு மாறிவிட்டதால், புகார் பெறுகிறவர்கள் பக்கத்திலிருந்தும் பதில் சொல்ல முடிகிறது.

ஒரு தளத்துக்குப் பின்னால் குறைந்தது இருவர் இருக்கிறார்கள். தளத்தின் முகவரியாக இருக்கும் டொமைன் பெயரை விற்ற பதிவாளர் ஒருவர். பக்கங்களைத் தன் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் இன்னொருவர். கடையின் பெயர்ப்பலகையை எழுதிக் கொடுத்தவரும் கடைக்கு இடத்தை வாடகைக்கு விட்டவரும் வேறு வேறு என்பதைப் போன்றதுதான் இது. டொமைன் பெயரை வாங்கியவரின் விவரங்களைத் தரும் ஹூயிஸ் பதிவில் பலரும் உரிமையாளரின் பெயரைத் தேடி, அது மறைக்கப்பட்டிருப்பதைக் கண்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தபின் அந்த விவரங்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டே இருக்கின்றன. மோசடிக்காரர் தம் உண்மையான பெயரைக் கொடுத்திருக்கப் போவதுமில்லை. ஆகவே அதனால் நமக்கு இழப்பு எதுவும் கிடையாது. நமக்கு வேண்டியது பதிவாளரின் பெயரும் அவர் புகார் பெறும் முகவரியும். டாட் காம் போன்ற பொதுப் பெயர்களுக்கு இவ்விரண்டையும், டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில் பார்க்கலாம். 2025 ஜனவரி முதல் இப்பெயர்களுக்கு ஹூயிஸின் இடத்தை ஆர்டேப் என்ற புதிய முறை பிடித்திருக்கிறது. நாடுகளுக்குரிய பெயர்களுக்கு அந்தந்த நாட்டுப் பதிவகத்தின் விதிகளே பொருந்தும்.

ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கண்டுபிடிக்க, பக்கத்தைத் திறக்கவே வேண்டியதில்லை. கணினியின் கட்டளைச் சாளரத்தில் டிக் அல்லது என்எஸ்லுக்அப் கட்டளையோடு டொமைன் பெயரைக் கொடுத்தால், இணையத்தில் அதற்குரிய எண் முகவரியான ஐபி முகவரி கிடைக்கும். 203.0.113.25 என்று வந்தது என வைத்துக்கொள்வோம் (எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதி இது). ஐபி முகவரிகளை உலகெங்கும் பகிர்ந்தளிப்பவை ஆரின், ரைப், ஏப்னிக், லாக்னிக், ஆஃப்ரினிக் என்ற ஐந்து பதிவகங்கள். அவற்றில் தேடினால், அந்த முகவரித் தொகுதி எந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பதோடு, 'அப்யூஸ்' (முறைகேடு) என்று குறிக்கப்பட்ட மின்னஞ்சல் முகவரியும் தெரியவரும். அந்தப் பதிவில் காணும் நாட்டின் பெயரை நம்பி முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அது முகவரித் தொகுதியின் பதிவு விவரம் மட்டுமே. சர்வர் வேறொரு நாட்டில் இருக்கலாம்.

பலர் திகைத்து நிற்பது அடுத்த கட்டத்தில்தான். தேடலின் முடிவில் கிளவுட்ஃபிளேர் போன்ற ஒரு பெயர் வந்தால், அநேகமாக அது தளத்துக்கு முன்னால் நிற்கும் இடைநிலைச் சேவையே. உண்மையான சர்வர் அதற்குப் பின்னால் மறைந்திருக்கும். அந்தச் சேவையின் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். ஃபிஷிங் (போலிப் பக்கத்தைக் காட்டி பாஸ்வேர்டு போன்றவற்றைப் பறிக்கும் மோசடி) என்று உறுதியானால் எச்சரிக்கைப் பக்கத்தை இட்டு மறிக்கவும், புகாரைப் பின்னால் இருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு அனுப்பவும் அவர்களால் முடியும். அந்தப் பதிலுக்குக் காத்திராமல் அதே நேரத்தில் பதிவாளருக்கும் எழுதிவிடுங்கள்.

பதிவாளருக்கு எழுதும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்வது அவசியம் என்று கருதுகிறேன். மோசடிக்கென்றே வாங்கிய பெயரா, அல்லது யாரோ ஒருவரின் நேர்மையான தளம் ஹேக் செய்யப்பட்டு அதன் உள்ளே எங்கோ ஒரு கோப்புறையில் போலிப் பக்கம் செருகப்பட்டிருக்கிறதா? இரண்டாவதாக இருந்தால், பெயரையே முடக்கும்போது அந்த அப்பாவி உரிமையாளரின் முழுத் தளமும், அப்பெயரில் இயங்கும் மின்னஞ்சலும் சேர்ந்தே நின்றுபோகும். அங்கே ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் தள உரிமையாளருக்கும் எழுதுவதே முறை. முகப்புப் பக்கம் வேறொரு தொழிலைப் பற்றியதாகவும், போலிப் பக்கத்தின் முகவரி நீண்டு உள்ளே போவதாகவும் இருந்தால் இந்த ஐயம் வரவேண்டும்.

இனி, புகாரில் எழுத வேண்டியவை. 'உங்கள் சர்வரில் மோசடி நடக்கிறது, உடனே நிறுத்துங்கள்' என்று மட்டும் எழுதி, எந்தப் பக்கம் என்றே சொல்லாத அஞ்சல்கள் எங்களுக்கு வருகின்றன; அவற்றை வைத்துக்கொண்டு நாங்கள் எதையும் செய்ய இயலாது. முழு லிங்க், பார்த்த நேரமும் நேர மண்டலமும், அப்போது காட்டிய ஐபி முகவரி, எந்த நிறுவனத்தைப் போல் நடிக்கிறது என்ற விவரம், முகவரிப் பட்டை தெரியும் ஸ்கிரீன்ஷாட், வந்த குறுஞ்செய்தியின் வாசகம் ஆகியவை இருந்தால் போதும். கைபேசியில் மட்டும் பக்கம் தெரிந்ததென்றால் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். இத்தகைய தளங்கள் சில, கணினியில் திறப்பவருக்கு வெற்றுப் பக்கத்தைக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு, 'இங்கே ஒன்றுமில்லையே' என்று புகாரை மூடிவிடும் அபாயம் உண்டு. லிங்கில் உள்ள புள்ளியைச் சதுர அடைப்புக்குள் இட்டு எழுதினால், படிப்பவர் தவறிக்கூட அதைச் சொடுக்க நேராது.

ஆபத்தான தளங்களைப் பட்டியலிடும் கூகுள் சேஃப் பிரவுசிங் சேவையின் புகார்ப் பக்கத்திலும் அந்த லிங்கைக் கொடுங்கள். அங்கே ஏற்கப்பட்டால், தளம் இன்னும் உயிரோடு இருந்தாலும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி போன்ற பிரவுசர்கள் சிவப்பு எச்சரிக்கையைக் காட்டும். வங்கிக்கும் தெரிவித்துவிடுங்கள். பதிவாளர் அசையவே இல்லையென்றால் ஐகானிடம் முறையிட வழி இருக்கிறது: 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத் திருத்தத்தின்படி, ஃபிஷிங், மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) போன்றவற்றுக்குப் போதிய ஆதாரம் கிடைத்தால் பதிவாளர்கள் தாமதமின்றி நடவடிக்கை எடுத்தாக வேண்டும். ஆகவே அனுப்பிய புகாரின் நகலையும், அனுப்பிய நாளையும் பத்திரமாக வைத்திருங்கள்.

அந்தக் குறுஞ்செய்தியை உங்கள் அக்கா மகள் இன்னும் அழிக்காமல் வைத்திருந்தால், ஸ்கிரீன்ஷாட்டாக எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். இன்றிரவே தேடிப் பார்த்து, யாருக்கு எழுத வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்