மலையில் இருப்பவர்களுக்கு ஒரு ஸ்கேன்

குன்னூர்

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்தது. கொடைக்கானலில் மழை விடவே இல்லை என்று எழுதியிருந்தாய்; இங்கும் அதேதான். வயிற்று மகாதமனி, அதாவது இதயத்திலிருந்து வயிறு வழியே இறங்கும் பெரிய ரத்தக்குழாய், வீங்கியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது, பிறகு என்ன செய்வது என்று நீ கேட்டிருந்தாய்; அதற்கு வருகிறேன்.

கையால் தடவிப் பார்த்தால் போதாது. வயிறு சற்றுப் பெருத்திருந்தாலே 4 செ.மீ. வீக்கம் கைக்குத் தட்டுப்படாது. 65 வயது தாண்டிய, எப்போதாவது பீடி சிகரெட் பிடித்த ஆண்கள் எல்லோருக்கும் ஒரு முறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்துவிடு. வெறும் வயிற்றோடு வரச் சொல். ப்ரோபை, அதாவது தோலில் வைக்கும் ஸ்கேன் கைப்பிடியை, நெஞ்செலும்பு முனைக்குக் கீழே குறுக்காக வை. முதுகெலும்பு வெள்ளை வளைவாகத் தெரியும். அதன் முன்னால் சற்று இடப்பக்கம் மகாதமனி, வலப்பக்கம் பெருஞ்சிரை. மெல்ல அழுத்து, சிரை நசுங்கும், தமனி நசுங்காது. பிறகு தொப்புள் வரை இறங்கி, அகலமான இடத்தில் முன்பின்னாக அள. குழாய் வளைந்திருந்தால் சாய்ந்த வெட்டில் அளவு கூடிவிடும். ரத்தம் ஓடும் வழியை மட்டும் அளந்தாலோ குறைந்துவிடும். சுவரை ஒட்டிய ரத்தக்கட்டையும் சேர்த்து அளக்க வேண்டும். இங்கேதான் நிறைய பேர் தவறுகிறார்கள்.

3 செ.மீ. தொட்டால் வீக்கம். 3.9 வரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, 4 முதல் 4.9 வரை ஆண்டுதோறும், 5 முதல் 5.4 வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார். ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 ஆனால் சிகிச்சை.

சிகிச்சையில் ஒரு வழி ஸ்டென்ட் கிராஃப்ட்: வயிற்றைத் திறக்காமல், தொடை வழியாக வீக்கத்துக்குள் வைக்கும் துணி போர்த்திய உலோகக் குழாய். அதற்கு முன் 1 மி.மீ. வெட்டுகளில் சிடி ஆஞ்சியோ (சாயம் செலுத்தி ரத்தக்குழாயைப் பார்க்கும் ஸ்கேன்) எடுப்பார்கள். சிறுநீரகத் தமனிக்குக் கீழே வீங்காத 'கழுத்து' 15 மி.மீ.யாவது இருந்தால் வசதி. 60 பாகைக்கு மேல் வளைந்திருந்தால் சிக்கல். கிராஃப்டைக் கழுத்தைவிட 10 முதல் 20 சதவீதம் பெரிதாக எடுப்பார்கள். சிறிதானால் நழுவும், அதிகம் பெரிதானால் துணி மடிந்து ஒழுகும். இரு தொடைத் தமனிகளிலும் ஊசித்துளை, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின், பெரிய உறை வழியாக கிராஃப்டின் உடல் பகுதி. அதன் மறுகால் துளைக்குள் எதிர்ப்பக்கத்து ஒயரை நுழைப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. பிறகு கிராஃப்டின் இரண்டு கால்களும் பொருத்தி, பலூனால் படியவைத்து, சாயம் செலுத்திப் பார்ப்பார்கள். கழுத்தில் ஒழுகினால் மேசையிலேயே சரிசெய்தாக வேண்டும். இடுப்புத் தமனிக்கிளைகள் வழியே பின்னோக்கி வரும் ஒழுக்கு என்றால், வீக்கப் பை பெருக்காதவரை காத்திருக்கலாம்.

நுரையீரல் கெட்ட முதியவருக்கு இது பெரிய வரம். மரத்துப்போகும் ஊசியிலேயே முடித்துவிடலாம். இங்கிலாந்தில் நடந்த ஒப்பீட்டுச் சோதனையின் 2004 முடிவில், முப்பது நாள் இறப்பு இதில் 1.7 சதவீதம், வயிறு திறக்கும் முறையில் 4.7. ஆனால் ஆண்டுகள் போகப்போக அந்த லாபம் கரைகிறது. அதனால் ஆயுள் முழுக்க ஸ்கேன் தொடர வேண்டும். மதுரைக்கு அலையாமல் அதை நீயே அங்கே செய்து கொடுக்க முடியும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அறுபது தாண்டியவர் முதல்முறையாக 'கல் வலி' (சிறுநீரகக் கல் வலி) என்று விலாவைப் பிடித்துக்கொண்டு, மயங்கி எழுந்து வந்தால், முதலில் மகாதமனியைப் பார். வீக்கம் வெடித்திருந்தால் சலைனை ஏற்றிக்கொட்டாதே. பேசிக்கொண்டிருக்கிறார் என்றால் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 80, 90 போதும். அழுத்தம் ஏறினால் கிழிசலை அடைத்திருக்கும் ரத்தக்கட்டு பெயர்ந்துவிடும். வத்தலக்குண்டு இறங்கி மதுரை சேர மூன்று மணி நேரம் ஆகும். கிளம்பும்போதே அங்கே போன் செய்து ரத்தமும் ஆளும் தயாராக வைக்கச் சொல்.

ரிப்போர்ட்டில் அளவோடு, சுவரின் வெளிவிளிம்பிலிருந்தா உள்விளிம்பிலிருந்தா அளந்தாய் என்பதையும் எழுது. இரண்டுக்கும் சில மி.மீ. வித்தியாசம் வரும், அடுத்த முறை வளர்ந்துவிட்டதாகத் தோன்றும்.

அன்புடன்,
சேகர்